இலவச சட்ட உதவி மையத்துக்கு ஏன் கடைசி நாளில்தான் வருகிறார்கள்?

வாசல்மேசை எழுதியது:

வணக்கம். நகரத்தில் குறைந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்குக் காசு வாங்காமல் சட்ட உதவி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வாசலை ஒட்டிப் போட்டிருக்கும் மேசை என்னுடையது. வருபவர் யார், என்ன பிரச்சினை, கையில் என்ன காகிதம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி உள்ளே அனுப்புவேன்.

போன வாரம் ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். பைக்குள் இருந்ததை எல்லாம் மேசையில் கொட்டினார். வாடகை ரசீதுகள், மின்கட்டண பில்கள், மகனின் பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு. அடியில் ரப்பர் பேண்ட் போட்ட மூன்று உறைகள். மூன்றும் நீதிமன்றத்திலிருந்து வந்தவை, மூன்றுமே ஒட்டினபடி இருந்தன. ஒரு மூலைகூட மடங்கவில்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். "பிரிச்சா நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு" என்றார்.

மூன்றாவது உறையில் இருந்த விசாரணைத் தேதி அதற்கு முந்தைய நாள். அவர் ஆஜராகாததால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. வீட்டுக்காரர் கேட்ட வாடகை பாக்கியில் பாதிக்கு மேல் அவர் ஏற்கெனவே கட்டிய பணம். ரசீது அதே பைக்குள் இருந்தது. முதல் உறையோடு வந்திருந்தால் இரண்டு பக்கப் பதில் மனுவில் முடிந்திருக்கும். இப்போது தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டு, ஏன் வரவில்லை என்று நீதிபதியிடம் விளக்கி, அதை அவர் ஏற்றால்தான் ரசீதைக் காட்டவே வழி பிறக்கும்.

இவர் ஒருவர் இல்லை, பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். நோட்டீஸ் வந்த வாரமே அவர்களை எப்படி வர வைப்பது? இங்கே இருப்பவர்களின் அனுபவத்தைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

---

நெடுவழி எழுதியது:

பயம் ஒரு பக்கம். என் அப்பாவிடம் நான் பார்த்தது கூச்சம். வாழ்நாள் முழுக்க ஒருவரிடமும் கடன் வாங்காதவர், ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். நோட்டீஸ் வந்ததை எங்களிடமே நான்கு மாதம் சொல்லவில்லை. "இலவசம்" என்று பலகை போட்ட இடத்துக்குப் போவதை அவர் கையேந்துவதாக நினைத்தார். அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

---

ஒற்றைப்பனை எழுதியது:

மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மக்கள் தாமதமாக வருவதற்கு இலவச வக்கீல் மீது நம்பிக்கை இல்லாததும் ஒரு காரணம். என் தம்பிக்குச் சம்பள பாக்கி வழக்கு. இலவசமாக நியமித்த வக்கீல் முதல் இரண்டு வாய்தாவுக்கும் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தவர் ஃபைலை நீதிமன்ற வராந்தாவில் வைத்துத்தான் முதல்முறையாகப் பிரித்தார். தம்பியின் பெயரையே தப்பாகச் சொன்னார். கடைசியில் கடன் வாங்கி வேறு வக்கீல் வைத்தோம். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாராவது கேட்டால் "போகாதே" என்றுதான் சொல்லியிருக்கிறேன். காசு கொடுக்காதவனிடம் யாருக்கு அக்கறை இருக்கும்?

---

மாலைவெயில் எழுதியது:

ஒற்றைப்பனை ஐயா, உங்கள் தம்பிக்கு நடந்தது அநியாயம். அதைச் சமாளித்துப் பேச வரவில்லை. நான் வக்கீல், இப்படியான தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். இங்கே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். நீதிமன்றமோ அரசு அமைப்போ தன் பட்டியலிலிருந்து நியமிக்கும் வக்கீல் ஒருவர். வழக்குக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கும் கட்டணம் பல இடங்களில் மிகக் குறைவு, அவருக்குச் சொந்த வழக்குகளும் இருக்கும். நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு முழுநேரமாக இருப்பவர் இன்னொருவர். சொந்தத் தொழிலுக்கு நடுவே வாரத்தில் சில மணி நேரம் தானாக வந்து உதவுபவர் மூன்றாமவர். மூவரிலும் நல்லவர் உண்டு, அசட்டை செய்பவரும் உண்டு. ஆனால் முழுநேர ஆளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர் நாள் முழுக்க வாடகை, சம்பளம், குடும்பம், உதவித்தொகை என்று இதே வழக்குகளைத்தான் பார்க்கிறார். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை ஆயிரம் முறை பார்த்த கண்ணுக்குத் தேதி தப்பாக இருப்பது உடனே தெரியும். பெரிய கட்டணம் வாங்கும் வக்கீல்களில் பலர் வருடத்துக்கு இரண்டு வாடகை வழக்குகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் குறை அக்கறையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. வருகிற எல்லோருக்கும் முழு வழக்கு நடத்த ஆள் கிடையாது. ஒருவருக்கு ஆலோசனை சொல்லி அனுப்புகிறோம், ஒருவருக்குக் கடிதம் மட்டும் எழுதித் தருகிறோம், ஒருவருக்கு ஒரே ஒரு விசாரணைக்கு மட்டும் ஆஜராகிறோம், ஒருவருக்குக் கடைசிவரை நிற்கிறோம். யாருக்கு எது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் எனக்குத் தூக்கம் போன இடம். வீடு போகப்போகிறவர், அடி வாங்குகிறவர், பிள்ளையைப் பிரியப்போகிறவர் முதலில் வருவார்கள். அதனால் பழைய கடன் வழக்கோடு வந்தவர் காத்திருக்க வேண்டும். அவருக்கு அது அவமரியாதையாகத்தான் படும்.

ஒன்று செய்யுங்கள். வக்கீல் கிடைத்த முதல் நாளே, எனக்காக என்ன செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்கும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு, இலவசம் என்பதால் அது குறைவதில்லை. வக்கீல் வராமல் போனால் நியமித்த அமைப்புக்கு எழுதி மாற்றச் சொல்லலாம். தம்பிக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

---

ஒற்றைப்பனை எழுதியது:

மாற்றச் சொல்லலாம் என்பது இன்றுதான் தெரியும். சரி, எழுதி வைத்துக்கொள்கிறேன்.

---

பழையஏடு எழுதியது:

இந்த விஷயத்தைப் பற்றி நிறைய வாசித்தவன் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நியூயார்க்கின் லீகல் எய்ட் சொசைட்டி 1876-இல் தொடங்கியது. அப்போது அதற்கு ஜெர்மன் பெயர், வேலையும் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காகத்தான். மொழி தெரியாத ஆட்களிடம் கூலியைப் பிடித்துக்கொள்வதும் ஏமாற்றுவதும் சாதாரணமாக நடந்த காலம். பிறகு எல்லா ஏழைகளுக்கும் கதவைத் திறந்தார்கள். இன்றும் அது இயங்குகிறது. அதாவது, வக்கீல் வைக்க வசதியில்லாதவனுக்குச் சட்டம் வெறும் காகிதம் என்பதை அரசுகளுக்கு முன்னால் இப்படிச் சேர்ந்த சங்கங்கள் உணர்ந்து வேலை செய்தன.

அமெரிக்காவில் குற்ற வழக்கில் பெரிய திருப்பம் 1963. ஃபுளோரிடாவில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை மீது, ஒரு விளையாட்டுக் கூடத்தில் புகுந்து திருடினார் என்று வழக்கு. வக்கீல் கேட்டார். மரண தண்டனை வரக்கூடிய வழக்குக்கு மட்டும்தான் தர முடியும் என்றார் நீதிபதி. தானே வாதாடினார், ஐந்து வருடத் தண்டனை கிடைத்தது. சிறைக்குள்ளிருந்து பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கடுமையான குற்றச்சாட்டில் சிக்கிய ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதே வருடம் மறுவிசாரணை, இந்த முறை பக்கத்தில் வக்கீல். விடுதலையாகிவிட்டார். சம்பவமும் மனிதரும் மாறவில்லை, கூட ஒரு வக்கீல் நின்றார், அவ்வளவுதான்.

ஆனால் வாடகை, சம்பளம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் உரிமையியல் வழக்கு. அங்கே கதை வேறு. 1981-இல் ஒரு தாயின் பிள்ளை மீதான உரிமையையே பறிக்கும் வழக்கில்கூட, எப்போதும் வக்கீல் தந்தாக வேண்டும் என்பதில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பாவில் இதற்கு இரண்டு வருடம் முன்பே, கணவனிடமிருந்து சட்டப்படி பிரிய விரும்பிய அயர்லாந்துப் பெண் ஒருவரின் வழக்கில், வக்கீல் இல்லாமல் சரியாக வாதாட முடியாத ஒரு நீதிமன்றத்தைத் திறந்து வைத்திருப்பதால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது என்ற பொருளில் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூயார்க் நகரம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் வருமானம் குறைந்த குடித்தனக்காரருக்கு வக்கீல் தரும் சட்டத்தை 2017-இல்தான் கொண்டுவந்தது. வாசல்மேசை அவர்கள் சொன்ன அம்மாவைப் போன்றவர்கள் தொண்டு நிறுவனங்களை நம்பி நிற்பது இதனால்தான்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலவச சட்ட உதவி 1976-இல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவாகச் சேர்ந்தது, அதற்கான 1987-ஆம் வருடச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் பெண் நமக்குக் கிடைக்காது என்று நினைத்துத் திரும்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

---

தென்றல்87 எழுதியது:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அவசரம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறார். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. நேற்று முதலாளியம்மா ஒரு தாள் நீட்டி, "கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் தருகிறேன், வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்" என்றாராம். அக்காவுக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. நாளை காலை போட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்கிறார்.

---

மாலைவெயில் எழுதியது:

தென்றல், அக்காவிடம் இன்றிரவே சொல்லுங்கள், கையெழுத்து வேண்டாம். "வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே வார்த்தை போதும். சண்டை வேண்டாம், மறுத்துப் பேசவும் வேண்டாம். அந்தத் தாளில் மொத்தப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்றோ, நானாகவே வேலையை விட்டேன் என்றோ எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் வழக்கே அதில்தான் முடங்கும்.

முடிந்தால் தாளை ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், கடைசியாகச் சம்பளம் வந்த நாள், தாளை நீட்டியபோது சொன்ன வார்த்தை, இதையெல்லாம் நினைவு இருக்கும்போதே ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதட்டும். எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதையும் எழுதட்டும். முதலாளி அனுப்பிய குரல் செய்தி, குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம். அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் யார் கையில் இருக்கின்றன? அவர்களிடம் இருந்தால் அதை மையத்தில் முதல் வரியாகச் சொல்லுங்கள், அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா என்பதையும் சேர்த்து.

வேலைக்காகக் கொடுத்த அறையை எத்தனை நாளில் காலி செய்யச் சொல்லலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. அதனால் இங்கே யார் சொல்வதையும் வைத்து முடிவெடுக்காமல், நாளை உங்கள் நகரத்து மையம் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை என்று கெடு இருப்பதை முதலில் சொன்னால் வரிசையில் முன்னால் எடுப்பார்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

தென்றல், அக்காவோடு நீங்களும் போங்கள். மொழிபெயர்க்க வேறு ஆள் இருக்கிறாரா என்றும் மையத்தில் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயதில் எங்கள் வீட்டுக்கு வழக்கு வந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். நான் பள்ளியில் அந்த ஊர் மொழி கற்றவள், அதனால் எல்லாக் காகிதமும் என்னிடம்தான் வரும். "வெளியேற்றம்" என்பதற்கான சொல் எனக்குத் தெரியாது. அகராதியில் தேடினேன், தெரிந்தபோது அம்மாவிடம் சொல்லவில்லை. "வீட்டைப் பற்றி ஏதோ கேட்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். அப்படி இருபது நாள் போனது.

பக்கத்து வீட்டு அத்தை எங்களை ஒரு சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப்போனார். நான் அம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன், எப்போதும்போல. அங்கிருந்த பெண் வக்கீல் என்னைப் பார்த்து, "நீ இன்று பேச வேண்டாம், அந்த மேசையில் படம் வரைந்துகொண்டிரு" என்றார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் தமிழ் பேசும் ஓர் ஐயா. அம்மா முதல் தடவையாகத் தன் வாயால் தன் கதையைச் சொன்னார். வாடகையை அப்பா கொடுக்காமல் மறைத்தது, அப்பா வீட்டை விட்டுப் போனது, நான் அதுவரை கேட்டிராத எத்தனையோ. என்னை வைத்துக்கொண்டு அம்மாவால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொல்லாமல் வழக்கையும் நடத்தியிருக்க முடியாது.

வீடு கடைசியில் போகத்தான் செய்தது. ஆனால் மூன்று மாத அவகாசம் வாங்கித் தந்தார்கள். அட்வான்ஸைத் திருப்பி வாங்கித் தந்தார்கள். அம்மா பெயரில் பதிவாகியிருக்க வேண்டிய வெளியேற்ற உத்தரவு பதிவாகாமல் சமரசமாக முடித்தார்கள், அதனால்தான் அடுத்த வீடு கிடைத்தது. தோற்ற வழக்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், வாசல்மேசை அக்கா, தயவுசெய்து.

---

வாசல்மேசை எழுதியது:

மூன்றாம்மாடி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் மேசைக்கும் பிள்ளைகள் முன்னால் வந்து நிற்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்று பாராட்டியிருக்கிறேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

---

ஒற்றைப்பனை எழுதியது:

ஒரு கேள்வி. இதெல்லாம் யார் காசில் நடக்கிறது? அரசு பணம் கொடுத்தால் அரசுக்கு எதிராக வழக்கு போட விடுவார்களா?

---

பழையஏடு எழுதியது:

சரியான கேள்வி. நன்கொடை, அறக்கட்டளைகள், அரசு நிதி, வக்கீல் சங்கங்கள் எல்லாம் கலந்துதான். அமெரிக்காவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. கட்சிக்காரர் பணத்தை வக்கீல்கள் தற்காலிகமாக வங்கியில் வைக்கும் பொதுக் கணக்கின் வட்டி இந்த உதவிக்குப் போகிறது. ஆனால் வட்டி விகிதம் விழுந்தால் அதுவும் விழும். பொருளாதாரம் சரிந்து மக்கள் வேலையும் வீடும் இழக்கும் காலத்தில்தான் பெரும்பாலும் வட்டியும் குறைகிறது.

அரசு நிதிக்கு நிபந்தனை வருவது உண்மை. அமெரிக்க நாடாளுமன்றம் 1974-இல் சட்ட சேவைக் கழகத்தை உருவாக்கியது. 1996-இல், அந்தக் கழகத்தின் நிதி வாங்கும் அமைப்புகள் பலருக்காகச் சேர்த்துப் போடும் கூட்டு வழக்கை நடத்தக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. வேறு இடத்திலிருந்து வந்த நன்கொடையைக்கூட அதற்குச் செலவிட முடியாது. ஒரே முதலாளி நூறு பேரை ஏமாற்றினாலும் அப்படி ஒரு கூட்டு வழக்கைப் போட முடியாது. இங்கிலாந்தில் 1949-இல் வந்த சட்ட உதவித் திட்டத்திலிருந்து வீடு, குடும்பம், உதவித்தொகை வழக்குகளில் பெரும்பகுதியை 2012-ஆம் வருடச் சட்டம் வெட்டியது. அந்தச் சுமை தொண்டு மையங்களின் தலையிலும் விழுந்தது.

அரசு நிதியே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு நன்கொடை மட்டும் போதாது. ஆனால் ஒரே இடத்துப் பணத்தை நம்பும் மையம் ஒருநாள் ஒரே கையெழுத்தில் மூடும்.

---

நெடுவழி எழுதியது:

இங்கிலாந்தின் முதல் சட்ட மையம் 1970-இல் வடக்கு கென்சிங்டனில் திறந்தது, அதற்கு முன்னால் அது இறைச்சிக்கடையாக இருந்த இடம். எனக்கு அந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். சாமான் வாங்க நடக்கும் தெருவிலேயே வக்கீல் உட்கார்ந்திருக்கிறார். என் அப்பா அப்படியான கதவுக்குள் ஒருவேளை நுழைந்திருப்பார். பெரிய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் காவலாளியிடம் பெயர் எழுதிவிட்டுப் போகச் சொன்னால் கண்டிப்பாகப் போயிருக்க மாட்டார்.

---

வாசல்மேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை எங்கள் கூட்டத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். மூன்று விஷயம் முடிவாகியிருக்கிறது.

பலகையில் "ஏழைகளுக்கு" என்றிருந்த சொல்லை எடுக்கிறோம். "நோட்டீஸ் வந்திருக்கிறதா? சேர்ந்து வாசிக்கலாம்" என்று எழுதப்போகிறோம். வருமானச் சான்றிதழ் கேட்பதை இரண்டாவது சந்திப்புக்குத் தள்ளிவைக்கிறோம். முதல் நாளே அதைக் கேட்டதால் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ.

அப்புறம் வாரத்தில் ஒரு மாலை, உறை பிரிப்பதற்கென்றே ஒரு மணி நேரம். வழக்கு, ஃபைல், படிவம் எதுவும் கிடையாது. பிரிக்காத உறையோடு வரலாம், பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பிரித்து வாசித்துச் சொல்வோம். பாதி உறைகளில் ஒன்றுமே இருக்காது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். மீதிப் பாதியை அன்றே உள்ளே அனுப்பலாம். பள்ளி, வழிபாட்டு இடம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை மூன்றிலும் சொல்லி வைக்கப் போகிறோம்.

அந்த அம்மாவின் மனு திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. உறைகளை ஏன் பிரிக்கவில்லை என்று நீதிபதி கேட்டால், என்னிடம் சொன்னதையே சொல்லச் சொல்லியிருக்கிறார் எங்கள் வக்கீல்.

---

தென்றல்87 எழுதியது:

அக்கா கையெழுத்துப் போடவில்லை. காலையில் ஏழரைக்கே போய் நின்றோம். தாளில் மாலைவெயில் சொன்ன மாதிரியே "முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருப்பதைச் சொன்னதும் உடனே உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளிக்கு இன்றே கடிதம் போகிறது. வெள்ளிக்கிழமைக்குத் தங்க வேறு இடமும் பார்க்கிறார்கள். நோட்டில் எழுதியதை வக்கீல் பிரதி எடுத்துக்கொண்டார். அக்கா எழுதியது ஒன்பது பக்கம். இன்னும் எழுதலாமா என்று கேட்கிறார்.

---

மாலைவெயில் எழுதியது:

எழுதட்டும். பக்கத்துக்குப் பக்கம் தேதி போடச் சொல்லுங்கள். நோட்டு அக்கா கையிலேயே இருக்கட்டும், யார் கேட்டாலும் பிரதி மட்டும்.